நூற்று அறுபத்திரண்டு மாப்பிள்ளை

"நூத்தி அறுபத்திரண்டாம்! இது மாப்பிள்ளையோட உசரமா, லாரியோட நம்பரா?"

இஞ்ஞாசிமுத்து கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்து மறுபடியும் பார்த்தார். கரங்கானிலிருந்து ஆர்தர் என்பவர் தன் மகனுக்குப் பெண் கேட்டு எழுதியிருந்தார். பையன் பெயர் சில்வெஸ்டர். வயது இருபத்தாறு. பிறையில் ஒரு ஃபேக்டரியில் லாரி ஓட்டுகிறான். குடிப்பதில்லை. உயரம் 162 செ.மீ.

"எல்லாம் சரி. உசரத்த மட்டும் ஏன் புரியாம எழுதியிருக்கான்? எதையோ மறைக்கிறான் லா."

"ஒண்ணும் மறைக்கல. இப்ப ஊரே மீட்டருக்கு மாறிருச்சு. நீங்கதான் மாறல," என்றாள் அகத்தா, வெங்காயம் உரித்துக்கொண்டே.

மீட்டர் என்றாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். லூனாஸ் பக்கத்துத் தோட்டத்தில் இருபத்தெட்டு வருடமாகக் கால்வாய் வெட்டுகிறவர். மூன்றடி ஆழம் என்றால் குழிக்குள் நின்று தொப்புளைப் பார்த்துக்கொள்வார், கோல் தேவையில்லை. போன வருடம் உத்தரவு வந்தது: இனி ஆழம் ஒரு மீட்டர். வெட்டிப் பார்த்தால் மூன்றடி மூன்று அங்குலம். கூலி மட்டும் பழைய மூன்றடிக்கு உள்ளதுதான். 'அந்த மூணு அங்குல மண்ண யார் வீட்டுக்கு வெட்டுறேன்?' என்று அவர் கேட்காத ஆபீஸ் கிராணி, அதாவது கணக்குப்பிள்ளை, இல்லை.

ஆனால் மாப்பிள்ளையின் உயரம் அவருக்குக் கூலியைவிடப் பெரிய விஷயம். அகத்தா அவரைவிட இரண்டு அங்குலம் உயரம். கல்யாணத்தன்று சாமியாரே பாவப்பட்டு, பீடத்துப் படியில் அவரை மட்டும் ஒரு படி மேலே நிற்கச் சொன்னார். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தது இன்னும் அவர் காதில் இருந்தது. அன்றிலிருந்து லயத்தில் அவர் தனியாகப் போனால், "என்னாண்ணே, ஏணிய வீட்டுல விட்டுட்டு வந்துட்டீங்களா?" என்று கேட்க நாலு பேராவது இருந்தார்கள்.

மகள் பிரிஜெட் அம்மாவைவிடவும் ஓர் அங்குலத்துக்கு மேல் வளர்ந்துவிட்டாள். அவளுக்கு வருகிறவன் அவளைவிட உயரமாக இருக்க வேண்டும். இது அவர் மாதாவிடம் மெழுகுவத்தி ஏற்றிச் சொன்னது.

"ஏ பிரிஜெட்டு, நீ ஃபேக்டரிக்குப் போறவதானே. இது எத்தன அடின்னு சொல்லு."

பிறையில் ஒரு சட்டை ஃபேக்டரியில் பிரிஜெட் 'செக்கிங்' வேலை பார்த்தாள். அது என்ன வேலை என்று அவர் கேட்டதில்லை.

"எனக்கு அந்தக் கணக்கெல்லாம் வராதுப்பா. பள்ளிக்கூட ரூலர் ஒண்ணு கிடக்கு, வேணும்னா சுவத்துல அளந்து பாருங்க," என்றாள்.

மர ரூலர். ஒரு பக்கம் பன்னிரண்டு அங்குலம், மறுபக்கம் முப்பது சென்டிமீட்டர். இஞ்ஞாசிமுத்து சுவர் ஓரமாகக் குந்தினார். தரையில் ரூலரை நிறுத்தினார், மேல் முனையில் கரியால் கோடு போட்டார். கோட்டின்மேல் மறுபடி நிறுத்தினார்.

"முனையோட முனை நல்லா ஒட்டி வைங்கப்பா," என்றாள் பிரிஜெட்.

ஐந்து தடவை முழு ரூலர். ஆறாவது தடவை சென்டிமீட்டர் பக்கத்துப் பன்னிரண்டாம் நம்பரில் கடைசிக் கோடு.

"வந்து நில்லு புள்ள."

பிரிஜெட் சுவரில் முதுகை ஒட்டி நின்றாள். கோடு அவள் உச்சிக்கு மேல் ஒரு விரல் தள்ளி இருந்தது.

"அகத்தா! மாப்பிள்ள இவளவிட உசரம்!"

அன்றே பதில் எழுதினார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பெண் பார்க்க வரலாம்.

வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டுப் பழனியாண்டி வந்தார். சுவரில் இருந்த கரிக் கோடுகளைப் பார்த்தார். ரூலரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆட்களை மேய்க்கிற மண்டோர் வேலை பார்த்த கண்.

"அண்ணே, சாலா, தப்பு! இந்தா பாருங்க, நம்பர் ஆரம்பிக்கிறதுக்கு முன்னால கொஞ்சம் கட்ட இருக்கு. முப்பதுக்கு அப்பறமும் கொஞ்சம் கட்ட. ஒவ்வொரு தடவையும் ரெண்டு பக்கத்துக் கட்டையையும் சேத்து மாப்பிள்ளைக்குக் குடுத்திருக்கீங்க."

"கட்டையையா?"

"ஆமா லா. பாதி மாப்பிள்ள, மீதி பலகை."

பலகையைக் கழித்துவிட்டு மறுபடி அளந்தார்கள். கோடு பிரிஜெட்டின் நெற்றிக்கு இறங்கிவிட்டது. உச்சிக்கும் கோட்டுக்கும் நடுவில் ரூலரை வைத்தார் இஞ்ஞாசிமுத்து. ஐந்து.

"வர வேணாம்னு சொல்லிருவோமா?" என்றாள் அகத்தா.

"வாக்குக் குடுத்தாச்சு. வரட்டும்." அவர் வாசலை ஒரு சுற்றுப் பார்த்தார். வீட்டின் முன்னால் தகரக் கூரை போட்டு அவரே இறக்கிய மண்தரைப் பந்தல் இருந்தது. விருந்தாளிகள் அங்கேதான் உட்காருவார்கள். "தண்ணிய எந்தப் பக்கம் ஓட விடணும்னு நமக்குத் தெரியும். மாப்பிள்ளைய மேட்டுல உக்கார வைக்கத் தெரியாதா?"

சனிக்கிழமை முழுக்க மண் சுமந்தார். ஐந்து போட்டால் சமம்; மரியாதைக்கு ஒன்று கூட்டி ஆறு. வலது ஓரத்தில் ஆறு ஏற்றி, இடது ஓரத்துக்குச் சரிவாக இறக்கினார். பிரிஜெட்டும் கூட நின்று மண்ணை மிதித்துக் கொடுத்தாள்.

"இன்னும் ஒரு கூடை போடலாமாப்பா?"

"போதும். கண்ணுக்குத் தெரிஞ்சிரும்."

கண்ணுக்கு நன்றாகவே தெரிந்தது. ஐந்து என்று அவர் பார்த்தது சென்டிமீட்டர் பக்கம். மண் போட்டது அங்குலத்தில். இருபத்தெட்டு வருடமாக மண்வெட்டி பிடித்த கைக்கு ஐந்து என்றால் ஐந்து அங்குலம்தான், ஆறு என்றால் ஆறு அங்குலம்தான். பந்தலில் கிடந்த பெஞ்சின் வலது முனையில் ஒரு மாங்காயை வைத்திருந்தால் பழனியாண்டி வீட்டுக் கோழிக்கூண்டுவரை உருண்டிருக்கும். மண்ணின் மேல் இரண்டு பாய்களை விரித்து மூடினார்.

ஞாயிறு பதினொரு மணிக்கு டாக்சி வந்து நின்றது. முதலில் ஆர்தர் இறங்கினார். அடுத்து சில்வெஸ்டரின் சித்தி பாப்பம்மா, வாய் நிறைய வெற்றிலையோடு. கடைசியில் சில்வெஸ்டர். இஞ்ஞாசிமுத்து அண்ணாந்து பார்த்தார். நல்ல உயரம்!

"என்னாங்க, அனாவசியமா மண்ண ஏத்திட்டீங்களே," என்று அகத்தா அவர் காதில் கிசுகிசுத்தாள்.

பாய் ஓரத்துக்கு வந்த சில்வெஸ்டர் தன் சப்பாத்தைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான். ஆர்தர் கூரையைப் பார்த்தார். வேறு வழியில்லை. குனிந்து கழற்றினான். இரண்டு செங்கல் அளவுக்குக் குதிகால் வைத்த சப்பாத்து. அதிலிருந்து இறங்கியதும் பையன் பாதியாகிவிட்ட மாதிரி இருந்தது.

"மாப்பிள்ள, இப்படி வாங்க, இந்த வலது ஓரம், காத்து வரும்," என்று இஞ்ஞாசிமுத்து அவசரமாகக் கையைப் பிடித்து மேட்டுக்கு ஏற்றினார்.

பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்த கையோடு சில்வெஸ்டர் வழுக்கி அப்பா மேல் சாய்ந்தான். அப்பா வழுக்கிப் பாப்பம்மா மேல் சாய்ந்தார். பாப்பம்மா தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"தர கொஞ்சம் சரிவோ, சம்மந்தி?" என்றார் ஆர்தர்.

"மழ பெஞ்சா தண்ணி ஓடணும்ல."

"எங்க ஓடணும், அங்க செர்டாங் ஊருக்கா?"

ஆர்தர் பெண்ணையும் பையனையும் சேர்த்து நிற்க வைத்துப் பார்க்கலாம் என்றார். சில்வெஸ்டர் மேட்டில் எழுந்து நின்றான். பிரிஜெட் காப்பித் தட்டோடு கதவைத் தாண்டி இடது ஓரத்தில் வந்து நின்றாள். மாப்பிள்ளை நாலு அங்குலம் உயரம். இஞ்ஞாசிமுத்துவின் முகத்தில் கிறிஸ்மஸ் விளக்கு எரிந்தது.

"அப்பறம் என்னா, புள்ள காப்பிய குடுக்கட்டும்," என்றார் ஆர்தர்.

இதை இஞ்ஞாசிமுத்து யோசிக்கவே இல்லை. காப்பி வாங்க வேண்டியவன் மேட்டில் இருக்கிறான். கொடுக்கிறவள் ஏறித்தானே ஆக வேண்டும்?

"அங்கேருந்தே நீட்டு புள்ள!" என்று கத்தினார்.

"எட்டாதுப்பா," என்றாள் பிரிஜெட். நிதானமாக ஏறினாள். ஒவ்வொரு அடிக்கும் உயர்ந்தாள். சில்வெஸ்டர் பக்கத்தில் போய் நின்றபோது, அவளுக்கு இரண்டு அங்குலம் கீழே இருந்தான் அவன். தட்டில் இருந்த நாலு கிளாஸும் சறுக்கி ஒரே மூலைக்கு வந்து நின்றன.

இஞ்ஞாசிமுத்து தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"மன்னிச்சிருங்க. மேட்ட நான்தான் போட்டேன். புள்ள கொஞ்சம் வளந்துட்டா."

"நாங்க மட்டும் என்னா?" என்றார் ஆர்தர் தலையைச் சொறிந்துகொண்டு. "பட்டர்வொர்த் வரைக்கும் போயி அந்தச் சப்பாத்த தேடி வாங்கினோம். வாசல்ல கழட்டணுமேன்னு ஒருத்தனுக்கும் தோணல லா."

அகத்தா சிரித்துவிட்டாள். ஆனால் இஞ்ஞாசிமுத்து சிரிக்கவில்லை.

"பையன் நல்ல பையன்தான். ஆனா வேணாம் சம்மந்தி. கட்டையான புருஷனோட கோயிலுக்குப் போனா, பசாருக்குப் போனா, எப்படிச் சிரிப்பானுங்கன்னு எனக்குத்தான் தெரியும். இருபத்தஞ்சு வருசம் அகத்தா என்னால கேலிப்பட்டது போதும். எம்மவளுக்கு அந்தத் தலையெழுத்து வேணாம். பாவம், அவளுக்கு அளவு கணக்கும் தெரியாது, எம்பேச்ச நம்பி நிக்கிறா."

தூணைப் பிடித்திருந்த பாப்பம்மா அப்போதுதான் எழுந்து போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தாள்.

"யாருக்கு அளவு தெரியாது? பிரிஜெட்டுக்கா? அவ ஃபேக்டரி கேண்டீன்ல நான்தான்யா சமைக்கிறேன். அங்க எல்லாச் சட்டையும் அவ இரும்பு ரூலரத் தாண்டித்தான் வெளிய போவும். என்னப் பாக்க வந்த இவனயும் போன ஈஸ்டருக்கே எங் கேண்டீன் சுவத்துல நிக்க வச்சு அளந்துட்டு, 'எங்கம்மாவுக்கு எங்கப்பா எவ்வளவு கொறச்சலோ, அதே அஞ்சு சென்டிமீட்டர், இவரையே கட்டிக்கிறேன்'னு சொன்னவளே உம்மவதான்!"