பாட்டை எழுதியவன் எவன்?

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

இங்கு நானும் உங்கள் தங்கையும் உடலளவில் நலம். அங்கு தாங்களும், தங்கள் வீட்டாரும், தங்கள் முழங்காலும் நலமென நம்புகிறேன். மனதளவில் நான் நலமில்லை என்பதைத் தெரிவிக்கவே இக்கடிதம்.

உங்கள் தங்கை பாத்திரம் துலக்கும்போது ஒரு பழைய பாட்டை முணுமுணுப்பாள். ‘நீ வரும் திசையில் ஜன்னல் இல்லை, சுவரைப் பார்த்தே காத்திருப்பேன்’ என்று போகும். முப்பத்தாறு வருடமாகக் காதில் விழுந்தும் கண்டுகொள்ளாதவன்தான் நான். ஓய்வு பெற்றபின் வீட்டோடு கிடக்கிறேன் அல்லவா, வார்த்தைகள் மண்டையில் ஏற ஆரம்பித்துவிட்டன. இரண்டு மாதத்துக்கு முன் ரேடியோவில் அதே பாட்டு. அறிவிப்பாளர் பாடியவரைச் சொன்னார், இசை அமைத்தவரைச் சொன்னார், எழுதியவர் யாரென்று தெரியவில்லை என்றார். உடனே உங்கள் தங்கை கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தனக்குள் சிரித்தாள். எங்கிட்ட சிரிக்கிற சிரிப்பு இல்லை மச்சான் அது. எனக்கு வயிறு எரிந்தது. இன்னும் எரிகிறது.

மறுநாளே கிளம்பினேன். பழைய இசைத்தட்டு விற்பவர் முதல் பதிப்பை எடுத்துக் காட்டினார். எழுதியவர் என்ற இடத்தில் ‘குழு’ என்றிருந்தது. பிறகு வந்த கேசட்டில் ஒரு மெல்லிசைக் கச்சேரிக்காரர் தன் பெயரையே போட்டிருந்தார். தேடிப் போய்க் கேட்டால், எல்லாரும் போட்டுக்கிறாங்களேன்னு நானும் போட்டுக்கிட்டேன் சார் என்று கூசாமல் சொல்கிறார். அதற்கடுத்து ஒரு பாடகி, சோகத்தைக் கழற்றிவிட்டு வேகத்தைக் கூட்டி, ஏதோ பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற மாதிரி பாடியிருக்கிறாள். அதில் எழுதியவர் ‘நாட்டுப்புறம்’. மொத்தம் ஆறு பதிப்பு கேட்டேன். ஆறிலும் வேறு வேறு ஆள். ஆறு பேர் மீதும் முறைப்படி சந்தேகப்பட்டு, முறைப்படி விடுவித்தேன்.

கடைசியில் அந்த இசைத்தட்டுக் கம்பெனியின் பழைய ஸ்டோர் கீப்பர் அகப்பட்டார். ஒலிப்பதிவு அன்று கவிஞர் வரவில்லையாம், வரிகள் டைப்பிங் ரூமிலிருந்து வந்தனவாம். மாதச் சம்பளக்காரர் பெயரை லேபிளில் போடும் வழக்கம் கிடையாதாம், அதனால்தான் ‘குழு’. டைப்பிங் ரூம்! கல்யாணத்துக்கு முன் உங்கள் தங்கை வேலை பார்த்த அதே ரூம். அங்கே இருந்தது இரண்டே பேர். ஒருத்தி உங்கள் தங்கை. இன்னொருத்தன், எங்கள் கல்யாண போட்டோவில் எல்லாரும் கேமராவைப் பார்க்க, பின்வரிசையில் எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்கிறானே, அந்தச் சுருட்டைமுடி நெட்டையன். போட்டோவைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். நான் என்ன எழுதினேன் மச்சான் வாழ்க்கையில்? குடிநீர் வாரியத்தில் குழாய் உடைந்த அறிக்கை எழுதினேன். அதைப் பாத்திரம் துலக்கிக்கொண்டு யார் பாடுவார்கள்? அவனைப் பற்றித் தாங்கள் அறிந்ததை ஒளிக்காமல் எழுதவும்.

தங்கள் ஆசியையும் பதிலையும் வேண்டி, வயிற்றெரிச்சலுடன்,
தங்கள் தங்கையின் கணவன்.

பி.கு.: தபால்தலை தேடப் போன நேரத்தில் உங்கள் தங்கை இதைப் படித்துவிட்டாள். “நெட்டையனுக்கு ஒரு லீவு லெட்டர் ஒழுங்கா அடிக்க வராது. பாட்டு நான் எழுதினது” என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள், “ரெண்டு மாசமா ஊரெல்லாம் ஒரு ஆம்பளையைத் தேடியிருக்கீங்க. என்னைக் கேக்கணும்னு தோணவே இல்லை, இல்ல?” என்றாள். ஆகவே மேலே கண்ட அனைத்தும் ரத்து. ஆனால் அவள் அதை எழுதியது எங்கள் கல்யாணத்துக்கு ஒரு வருடம் முன்பு. அப்போது நான் யாரென்றே அவளுக்குத் தெரியாது. பிறகு சுவரைப் பார்த்துக் காத்திருந்தது யாருக்காக? கேட்க எனக்கு முகமில்லை. தாங்கள் அண்ணன் என்ற முறையில், நான் கேட்டதாகக் காட்டிக்கொள்ளாமல், போனில் நயமாக விசாரித்து எழுதவும்.