ஈ உட்காராத கருவாடு

பெரியபட்டினம்
15-7-63

கொழும்பில் கடை வைத்திருக்கும் மருமகன் சுஐபு அவர்களுக்கு, மாமனார் சதக் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கு எல்லோரும் சுகம், உங்கள் மாமியாரையும் பூனையையும் தவிர. பூனை போன வருஷமே மௌத்தாகிவிட்டது, இப்போதுதான் எழுதுகிறேன். மாமியாருக்குக் கக்கத்தில் கட்டி. என் மகள் நஸீரா பிள்ளைத்தாச்சி என்பதால் அவளிடம் பக்குவமாகச் சொல்லவும்.

போன வருஷம் மலேரியாக்காரர்கள் வீட்டுக்கு வீடு கொசுவுக்கு டி.டி.டி. என்கிற வெள்ளைப்பொடி கரைத்து அடித்தார்கள் அல்லவா, அன்றைக்குக் கூரையிலிருந்து பல்லிகள் பொத்துப்பொத்தென்று விழுந்தன. ஒன்று, பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் கையிலிருந்த தேத்தண்ணியில் விழ, அந்த மனுசன் அதற்குப்பிறகு நம் வீட்டில் பச்சைத்தண்ணீர்கூடத் தொடுவதில்லை. மிச்சப் பல்லிகளைப் பூனை தின்றது. கொஞ்ச நாளில் கைகால் வெட்டி இழுத்துச் செத்தது. அதைப் பார்த்தும் எனக்கு அந்தப் பொடிமேல் புத்தி போயிற்று. காயப்போட்ட கருவாட்டில் ஈ கறுப்பாய் அடையும், உங்களுக்குத் தெரியாததா. மலேரியா ஆள் முத்துராமலிங்கத்தைக் கெஞ்சி ஒரு டின் வாங்கி, வாளைக் கருவாட்டின் மேல் தூவினேன். ஒரு ஈ வரவேண்டுமே. பரமக்குடி வியாபாரி, "பாய், ஒங்க சரக்கு மட்டும் எப்புடி இம்புட்டுச் சுத்தமா இருக்கு" என்று மொத்தமாக அள்ளிப்போனார். நானும் தாடியை நீவிக்கொண்டேன்.

போன வாரம் மதுரை டாக்டரம்மா கட்டியைப் பார்த்துட்டு, உங்க மாமியாரை வெளிய உக்காரவச்சு, "புத்துநோய் மாதிரி இருக்கு, அறுத்துப் பாக்கணும்"னாங்க. என்ன தொழில், என்ன மருந்து பொழங்குறீங்கன்னு கேட்டாங்க. பொடியையும், மக பிள்ளைத்தாச்சியா இருக்கறதையும் சொன்னதும் பேனாவைக் கீழ வச்சுட்டாங்க. "இதனாலதான்னு யாராலயும் சொல்ல முடியாது. ஆனா அது ஒடம்புக் கொழுப்புல தங்கும், தாய்ப்பால்லயும் வரும். வயித்துல இருக்க கருவை என்ன பண்ணும்னு எனக்கே தெரியல. வீட்ல திங்கிறீங்களா?" நான் விடுவேனா. "நான் என்ன கிறுக்கனாம்மா? பொடி போட்டது சந்தைக்கு. வீட்டுக்கும் எம்மவளுக்கும் பொடி படாததைத் தனி ஓலைப்பெட்டியில போட்டு வச்சிருக்கேன்"னேன். "அப்ப சந்தையில வாங்கித் திங்கிறவுக?"ன்னு அந்தம்மா ஒரு பார்வை பார்த்துச்சு. இன்னும் கூசுது மாப்பிள்ளை. டின்னைக் குழிதோண்டிப் புதைச்சுட்டேன்.

ஆகையால் நஸீரா கலங்கவேண்டாம். மசக்கைக்கு நம் வீட்டுக் கருவாடு நன்றாகத் தின்னட்டும். 'வாப்பா, இங்கன கடைக் கருவாட்டுல ஈ அடையுது, வீட்லேர்ந்து வந்ததுல ஒண்ணுகூட உக்காரல' என்று அவள் எழுதியதைத் தெருவெல்லாம் வாசித்துக் காட்டினேன்.

உங்கள் கடைக்குப் பரக்கத்தையும், பிறக்கப்போகும் பிள்ளைக்கு நிறைந்த ஆயுசையும் ஆண்டவன் தருவானாக. ஆமீன்.

துஆ செய்யும் மாமா,
சதக்

பி.கு.: உறையை ஒட்டும்போது உங்கள் மாமியாரிடம், மகளுக்கு அனுப்ப ஓலைப்பெட்டியில் கருவாடு இருக்கிறதா என்று கேட்டேன். "அதுல ஈ மொய்ச்சுக் கெடக்கும். அதையா புள்ளத்தாச்சிக்கு அனுப்புவேன்? நான் எப்பவும் சந்தைச் சரக்குலதான் நல்லதாப் பாத்து எடுக்குறது. நமக்கும் அதைத்தான் ஆக்குறேன்" என்றாள். மாப்பிள்ளை, மேலே எழுதியது எதையும் நம்பவேண்டாம். தந்தி கொடுக்க ராமநாதபுரம் ஓடுகிறேன். மிச்சமிருக்கும் கருவாட்டை நஸீரா கையிலிருந்து பிடுங்கிப் புதைத்துவிடுங்கள். இங்கே இவள் கட்டியைப் பிடித்துக்கொண்டு, செய்தது சரிதானே என்பதுபோல் என் முகத்தையே பார்த்தாள். நல்லாத்தான் செஞ்சிருக்கே என்று சொல்லிவிட்டு வந்தேன்.