மருமகள் புலம்பலும் ஒரு சாண் வேலியும்

என் எழுத்தால் இதுவரை பயனடைந்தவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான்: எங்கள் பக்கத்து வீட்டுச் செல்லையர். அவருக்குக் காணி கிடைத்தது. போனது எங்கள் காணி.

நான் மாத்தறையில் பிறந்த சிங்களப் பெண். அங்கே உத்தியோகம் பார்த்த புத்தூர்த் தமிழர் ஒருவரைக் கட்டினேன். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு அவர் ஊருக்குத் திரும்ப, நானும் கூடவே வந்தேன். பேச்சுத் தமிழைக் கிணற்றடியில் பிடித்தேன். எழுத்தை மகளின் பாலர் புத்தகத்தில் படித்தேன். (அவள் எனக்கு முந்தி ‘ழ’ சொல்லிவிட்டாள். இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுவாள்.)

மாமா என்னோடு வாய் நிறையக் கதைப்பார். மாமி அப்படியில்லை. நான் முன்னால் நின்றாலும் மகனிடம்தான், "உவளுக்குச் சொல்லு, உலை கொதிக்குதெண்டு" என்பார். ஒரு தரமாவது மாமி என்னைப் "பிள்ளை" என்று கூப்பிட வேண்டும். அப்போது எனக்கு வேண்டியிருந்தது அதுதான்.

மாமா திடீரென்று செத்துப்போனார். இங்கே முப்பத்தோராம் நாள் கல்வெட்டு வாசிப்பார்கள். செத்தவரைப் புகழ்ந்து பாட்டு, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல் என்று ஒரு சின்னப் புத்தகம். எல்லோருடைய புலம்பலையும் ஊர்ப் புலவர் ஒருவரே எழுதுவார். அழாத மருமகளுக்கும் அவரே அழுது கொடுப்பார். எனக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ, "மருமகள் புலம்பலை நானே எழுதிறன்" என்றேன்.

அழுது அழுதுதான் எழுதினேன். மாமாவிடம் எனக்குப் பிடித்தது அவருடைய சுறுசுறுப்பு. ஒவ்வொரு மாரி தொடங்கும்போதும், ஊர் எழும்ப முதல், நிலம் தோண்டும் அலவாங்கும் கையுமாகச் செல்லையர் பக்கத்து வேலிக்குப் போவார். வேலிக்கு நட்ட கதியால் தடிகளைப் பிடுங்கி ஒரு சாண் அங்கால் தள்ளி நடுவார். நான் எடுத்துக் கொடுப்பேன். எங்கள் மாத்தறையில் இப்படி வேலி கிடையாது. இது பொங்கல் மாதிரி ஏதோ வருசாந்தச் சடங்கு என்றே நினைத்திருந்தேன். அதையும் எழுதிவிட்டேன். என் கணவர் வாசித்தார். எழுத்துப் பிழைகளை எல்லாம் கவனமாகத் திருத்தினார், வேலியை மட்டும் விட்டுவிட்டார். (பள்ளிக்கூடத்திலும் இவர் இப்படித்தான் படித்திருக்க வேண்டும்.)

அன்றைக்குப் பந்தல் நிறையச் சனம். நல்ல குரலுள்ள சித்தப்பா ஒருவர் இராகம் இழுத்து வாசித்தார்:

"விடியமுன் எழுந்து வேலிக் கதியால் பிடுங்கி
ஒரு சாண் அங்கால் தள்ளி நட்ட மாமா,
இனி ஆர் தள்ளி நடுவார்?"

பந்தலில் ஒரு சத்தமும் இல்லை. ஆகா, சனம் உருகிவிட்டது என்று நினைத்தேன்.

செல்லையர் எழும்பினார். "தம்பி, உந்த இடத்தை இன்னொருக்கா வாசியும்."

சித்தப்பா வாசித்தார், பாவி, இன்னும் உருக்கமாக.

"பிள்ளை, உது உண்மையோ?" செல்லையர் என்னைக் கேட்டார்.

"ஓம் ஐயா," என்றேன் பெருமையாக. "வருசா வருசம். நான்தான் கதியால் எடுத்துக் குடுக்கிறனான்."

என் கணவர் தலையில் கை வைத்தார். பின்னால் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. கிணற்றுக்குள் குதித்தால் என்ன என்று வந்தது. மாமி இனி என் முகத்திலும் முழிக்க மாட்டார் என்று நினைத்தேன்.

மாமி உள்ளேயிருந்து எழும்பி வந்தார்.

"நானும் அந்த மனிசனுக்குச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனன்," என்றார் செல்லையரிடம். "இந்த ஊர்க் கல்வெட்டிலை பொய் எழுதாத ஒரே ஆள் என்ரை பிள்ளைதான். நாளைக்கே வேலியை இழுத்து நடுங்கோ. வேலிக்கரை முருங்கை உங்கடை பக்கம் போனால் போகட்டும்."

என்ரை பிள்ளை! முருங்கை போனது என் காதில் விழவே இல்லை. அங்கேயே நின்று குழறி அழுதேன். (உண்மையான மருமகள் புலம்பல் அதுதான். அச்சில் வரவில்லை.)

காய்க்கும்போதெல்லாம் செல்லையர் வேலிக்கு மேலால் ஒரு கட்டு முருங்கைக்காய் நீட்டுவார், "எழுத்தாளருக்கு" என்று. என் முதல் சன்மானம் அது. பிறகு தமிழில் கதைகள் எழுதினேன். சில அச்சிலும் வந்தன. நான் பேனையைத் தொட்டால் போதும், மாமி உள்ளேயிருந்து கேட்பார்: "பிள்ளை, இந்தமுறை எத்தினை பரப்புக் காணி போகுது?"

மாமியும் போய்விட்டார். இப்போது அந்த வேலையை மகள் எடுத்துக்கொண்டாள். நேற்றும் நான் எழுத உட்கார, அவள் எட்டிப் பார்த்துச் சொன்னாள்:

"அம்மா, கிணத்தை மட்டும் விட்டுவையுங்கோ."