வெந்நீர் டிரைவரும் பாப்பாவின் துணிகளும்

இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் வெந்நீரின் மேல் என் மாமனார் அளவுக்கு நம்பிக்கை வைத்த மனிதர் வேறு யாரும் இல்லை. இருந்திருந்தாலும் இந்நேரம் வெந்து போயிருப்பார்.

மாமா ஜீப் ஓட்டுகிறார். கூடலூரிலிருந்து குமுளிப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்களைக் காலையில் ஏற்றிக்கொண்டு போய் விட்டு, சாயங்காலம் திரும்ப அழைத்து வருவார். மலையேறுகிற ஜீப்புகளில் உட்கார்ந்ததும் சீட்டு சுடுகிற ஜீப் அவருடையது மட்டும்தான். தினமும் ஒரு குடம் வெந்நீரை சீட்டில் ஊற்றித் துடைத்த பிறகுதான் வண்டியைக் கிளப்புவார். ஊரில் அவருக்கு வெந்நீர் டிரைவர் என்று பெயர். எல்லைக்கு அந்தப் பக்கம் அதையே மலையாளத்தில் சூடுவெள்ளம் சேட்டன் என்பார்கள். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் எங்கள் தெருவிலேயே வீட்டைக் காட்ட ஆள் கிடையாது.

கை கழுவுவதற்கு முன் குழாயைக் கழுவுவார். குழாயைக் கழுவுவதற்கு முன் சோப்பைக் கழுவுவார். பேத்திக்குத் திராட்சை கொடுப்பதானால்கூட வெந்நீரில் முக்கித்தான் கொடுப்பார். நல்ல பன்னீர்த் திராட்சை, வெந்த வெங்காயம் போல ஆகிவிடும். ஏன் இப்படி என்று ஊரில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அவரைக் கேட்டால் ஒரே பதில்தான்: "சூடு பட்டாத்தான் சுத்தம்."

நான் வடுகபட்டியிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். மாமியார் என் கல்யாணத்துக்கு முன்பே இறந்துவிட்டார். வீட்டை மாமாதான் பார்த்துக்கொண்டிருந்தார். கொல்லைப்புறத்தில் விறகு அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும். எப்போது குளிக்கப் போனாலும் வெந்நீர் தயார். இப்படி ஒரு மாமனார் யாருக்குக் கிடைப்பார் என்று என் அம்மாவிடம் பெருமையடித்திருக்கிறேன். அந்தப் பெருமை பாப்பா பிறக்கும் வரைதான் இருந்தது.

பாப்பாவுக்கு டயப்பர் போட்டால் தொடையெல்லாம் சிவந்து புண்ணாகிவிடும். அதனால் வீட்டில் துணி ஜட்டிதான். நடக்கப் பழகியதும் வீடு முழுக்க அவள் ராஜ்யம். கட்டிலுக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால், எங்கே சத்தமில்லாமல் நிற்கிறாளோ அங்கே வேலை முடிந்துவிட்டது என்று அர்த்தம். நான் அவளைத் தூக்கிக்கொண்டு போய்க் கழுவிவிட்டுத் திரும்புவதற்குள் அந்தத் துணி காணாமல் போயிருக்கும். கொல்லையில் எண்ணெய் டின்னில் வெந்நீர் தளதளவென்று கொதிக்கும். மாமா ஒரு காப்பிச் செடிக் குச்சியால் துணியை அமுக்கி அமுக்கிக் கிண்டிக்கொண்டு நிற்பார். மாமனார்கள் பேத்தியின் ஆய்த்துணியைத் தொடுவதே அபூர்வம். அதனால் முதலில் என்னால் எதுவும் பேச முடியவில்லை.

பேச வைத்தது ஒரு மஞ்சள் கவுன். முதல் பிறந்தநாளுக்கு என் அண்ணன் வாங்கித் தந்தது. காலையில் பாப்பா அதில் ஆய் போனாள். மத்தியானம் கொடியில் ஒரு பொம்மைச் சட்டை தொங்கியது. கவுன் சுருங்கிவிட்டது, எலாஸ்டிக் உருகிவிட்டது, கறை மட்டும் போகவில்லை. நன்றாக வெந்து, துணியோடு ஒட்டிப்போயிருந்தது.

"மாமா, மொதல்ல பச்சத் தண்ணியில அலசணும். சுடுதண்ணியில போட்டா கறை வெந்து பிடிச்சுக்கிரும்."

"கறை இருந்தா இருந்துட்டுப் போகுதுத்தா. கிருமி செத்துருச்சுல்ல."

"அலசிட்டு மெஷின்ல போட்டா ரெண்டும் போயிரும் மாமா."

வாஷிங் மெஷின் என் பிறந்த வீட்டுச் சீர். மாமா அதை ஒரு நாளும் நல்ல கண்ணால் பார்த்ததில்லை. அன்றைக்குத்தான் மனதில் இருந்ததைச் சொன்னார்.

"அதுல எஞ்சட்டையும் கெடக்கு. பாப்பா ஆய்த்துணியும் கெடக்கு. ரெண்டும் ஒரே தண்ணியில சுத்துது. அது தொவைக்கிறது இல்லத்தா. எல்லாருக்கும் பங்கு போடுறது."

அன்று முதல் வீடு இரண்டாகப் பிரிந்தது. பாப்பா எங்காவது சத்தமில்லாமல் நின்றால் நானும் மாமாவும் இரண்டு பக்கமிருந்தும் ஓடுவோம். துணி யார் கையில் கிடைக்கிறதோ அவர்கள் முறைப்படி சுத்தம் நடக்கும். என் கணவர் செந்திலுக்குக் கம்பத்தில் டிராக்டர் சாமான் கடை. ஒரு நாள் சமாதானத்துக்கு வந்தார்.

"ஒரு நாளு அப்பா சொல்ற மாதிரி, ஒரு நாளு நீ சொல்ற மாதிரி செஞ்சா என்ன?"

"ஒரு நாளு சுத்தமா இருக்கட்டும், ஒரு நாளு அசிங்கமா இருக்கட்டுங்கிறியா?" என்றார் மாமா. நானும் அதையேதான் கேட்க வாயெடுத்தேன். செந்தில் மறுநாளிலிருந்து சீக்கிரமே கடை திறக்கப் போய்விட்டார்.

பிறகு ஒரு நாள் மெஷின் ஓடவில்லை. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அசைவில்லை. கம்பத்திலிருந்து மெக்கானிக் வந்தார். மெஷினைக் கவிழ்த்துப் போட்டுப் பார்த்தார், நிமிர்த்திப் பார்த்தார், கடைசியில் சுவரிலிருந்த சுவிட்ச் பெட்டியைத் திறந்தார்.

"மெஷின்ல ஒரு கோளாறும் இல்லக்கா. பெட்டிக்குள்ள ஒயரக் கழட்டி விட்டுருக்காக."

"யாரு கழட்டுனா?"

மெக்கானிக் கொல்லைப்புறம் பார்த்தார். அங்கே புகை வந்துகொண்டிருந்தது. மாமா குச்சியைக் கையில் பிடித்தபடி இந்தப் பக்கம் திரும்பாமல் நின்றார். ஒயரை மாட்டச் சொல்லி மெக்கானிக்கை அனுப்பிவிட்டேன். மாமாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சோறு போடும்போது தட்டை வைக்கிற சத்தம் மட்டும் கொஞ்சம் பலமாகக் கேட்டது.

அடுத்து சாரல் காலம் வந்தது. கேரளாப் பக்கம் மழை பிடித்துவிட்டால் கூடலூரில் வெயிலைப் பார்க்க முடியாது. விறகெல்லாம் ஈரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பாப்பாவைக் குளிப்பாட்டிவிட்டுச் சமையலறைக்கு வந்தேன். கேஸ் அடுப்பில் இட்லிச் சட்டி ஆவி பறக்கக் கொதித்துக்கொண்டிருந்தது. பாவம், நான் கோபமாக இருக்கிறேன் என்று மாமாவே இட்லி ஊற்றிவிட்டார் போல என்று நினைத்தேன். மனது இளகிவிட்டது. மூடியைத் திறந்தேன்.

உள்ளே பாப்பாவின் ஜட்டிகள் உப்பிப் போய் மிதந்துகொண்டிருந்தன.

மாமா வாசலில் நின்றார்.

"மாமா, இது இட்லிச் சட்டி."

"தெரியும்த்தா. இருக்கிறதுலயே அதான் பெருசு."

"இதுலதான நாம சாப்புடுறோம்."

"கொதிக்குதுல்ல. கொதிச்ச பெறகு அதுல என்ன இருக்கப் போகுது? சொல்லப்போனா இன்னைக்குத்தான் அந்தச் சட்டியே சுத்தமாகுது."

"உங்க சட்டையோட சேரக் கூடாதுன்னீக. இட்லியோட சேரலாமா?"

"மெஷினு கொதிக்காதுல்ல."

அவர் கணக்கில் தப்பே இல்லை. அதில்தான் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. துணியைச் சுற்றிச் சட்டியைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய்க் கொல்லையில் கவிழ்த்தேன். "இனிமே இந்த வீட்டு அடுப்ப நான் தொட மாட்டேன்" என்றேன். அன்று காலைச் சாப்பாடு கடைப் புரோட்டா. மாமா அதையும் தொடவில்லை. கடைக்காரர் கை கழுவியிருக்க மாட்டாராம்.

அன்று செந்திலிடம், கம்பத்தில் தனி வீடு பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். சில நாளில் ஒரு வீடு அமைந்தது. விஷயத்தை மாமாவிடம் சொன்னபோது அவர் ஜீப் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடித்துவிட்டு என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அங்கன பின்னால எடம் இருக்கா? வெயில் விழுகுமா?"

"இருக்கும் மாமா."

"பிள்ளத் துணி காயணும்ல" என்று சொல்லிவிட்டு, துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.

பாத்திரங்களை அட்டைப் பெட்டியில் கட்டிக்கொண்டிருந்த வாரத்தில்தான் பாப்பாவுக்கு வயிற்றுப்போக்கு கண்டது. செந்தில் சரக்கு எடுக்க மதுரைக்குப் போயிருந்தார். காலையிலிருந்து நிற்கவே இல்லை. கொல்லையில் துணி குவிந்துகொண்டே போனது. மாமா டின்னில் போடவில்லை, நான் மெஷினில் போடவில்லை. மத்தியானத்துக்குள் மாற்றுத் துணி தீர்ந்துவிட்டது. என் பழைய புடவையைக் கிழித்துக் கட்டினேன். அதுவரை சிணுங்கிக்கொண்டிருந்த பிள்ளை சத்தத்தை நிறுத்தியபோது முகத்தைத் திருப்பிப் பார்த்தேன். கண் உள்ளே போயிருந்தது. தண்ணீர் கொடுத்தால் உதட்டோரம் வழிந்தது.

"மாமா, வண்டிய எடுங்க."

அவர் அதற்குள் எடுத்துவிட்டிருந்தார். அன்று சீட்டு சுடவில்லை.

பாதி வழியில் பாப்பா என் மடியிலேயே மறுபடி ஆய் போய்விட்டாள். அதுவரை அடக்கி வைத்திருந்தது வாயில் வந்துவிட்டது.

"எல்லாம் அந்த இட்லிச் சட்டியால வந்தது."

"மெஷினுத்தா. நான் அன்னைக்கே சொன்னேன்" என்றார் சாலையைப் பார்த்தபடி. ஜீப்பைக் கம்பம் ஆஸ்பத்திரி வாசலில்தான் நிறுத்தினார்.

டாக்டரம்மா பாப்பாவின் வயிற்றுத் தோலை இழுத்துப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார். பயப்பட வேண்டாம், ஆனால் சாயங்காலம் வரை இங்கேயே இருக்கட்டும் என்றார். மாமா கைகட்டி முன்னால் நின்றார்.

"டாக்டரம்மா, ஒண்ணு மட்டும் கேட்டுக்கிறேன். பிள்ளத் துணிய வெந்நியில போடுறதா, இல்ல..."

"பச்சத் தண்ணியில அலசிட்டுத்தான் டாக்டர் நான் மெஷின்ல..." என்று நானும் குறுக்கே போனேன்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "ஐயா, ஊர் பூரா இப்ப இந்த வயித்துப்போக்குதான் இருக்கு. துணியால வந்துச்சுன்னு யாரு சொன்னா உங்களுக்கு? ரெண்டு பேரும் சண்டைய நிறுத்திட்டு, இந்தப் பவுடரக் காய்ச்சி ஆறுன தண்ணியில கரைச்சுக் கொஞ்சங் கொஞ்சமாக் குடுங்க."

'காய்ச்சி' என்றபோது மாமா என்னைப் பார்த்தார். 'ஆறுன' என்றபோது நான் அவரைப் பார்த்தேன்.

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தோம். பாப்பா என்னிடம் இருக்க மாட்டேன் என்று நெளிந்தாள். மாமா வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டார். முதுகைத் தட்டத் தட்ட அவள் கண் செருகியது. தூக்கம்தான் என்று நான் மூச்சு விட்டபோது, சுற்றியிருந்த துணி நழுவி, அவருடைய வெள்ளைச் சட்டையின் தோளிலிருந்து இடுப்பு வரை மஞ்சளாக வழிந்தது. வேட்டியிலும் இறங்கியது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போனார். மாமா இப்போது துள்ளி எழுந்து குழாயைத் தேடி ஓடுவார், பிள்ளையைப் பிடிக்க வேண்டும் என்று நான் கையை நீட்டியபடி எழுந்து நின்றேன்.

அவர் அசையவில்லை.

"குடுங்க மாமா. கழுவிட்டு வாங்க. குழாய் அங்கன இருக்கு."

"சும்மா இருத்தா. இப்பத்தான் கண்ண மூடுனா."

துண்டை எடுத்துத் துடைக்கப் போனேன்.

"தொடைக்காத. அசைஞ்சா முழிச்சுக்கிருவா."

அப்படியே உட்கார்ந்திருந்தார். ஈ மொய்த்தது. ஒரு கையால் பிள்ளை மேல் உட்காரும் ஈயை மட்டும் ஓட்டினார். தன் மேல் உட்காருவதை விட்டுவிட்டார். நர்ஸ் வந்து பார்த்து, "சட்டையக் கழட்டிக் குடுங்க தாத்தா" என்றபோதும் வாயில் விரலை வைத்துக் காட்டினார். வராந்தாவில் விழுந்த வெயில் சுவரேறிப் போகும் வரைக்கும் அந்தச் சட்டை அவர் உடம்பிலேயே காய்ந்தது. பாப்பா எழுந்து "தண்ணி" என்று கேட்டபோது அவரால் கையை இறக்க முடியவில்லை. மரத்துப் போயிருந்தது. நான்தான் பிடித்து இறக்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மாமா சட்டையைக் கழற்றிக்கொண்டு கொல்லையில் நின்றார். ஒரு பக்கம் வெந்நீர் டின், ஒரு பக்கம் பச்சைத் தண்ணீர் வாளி.

"எதுல போடட்டும்த்தா?"

"எதுலயாச்சும் போடுங்க மாமா" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

செந்தில் மதுரையிலிருந்து திரும்பியதும், கம்பத்து வீட்டுக்காரரிடம் வரவில்லை என்று சொல்லச் சொன்னேன். காரணம் கேட்ட செந்திலிடம், அங்கே பின்னால் வெயில் விழாது என்றேன். சண்டை ஒன்றும் ஓய்ந்துவிடவில்லை. புது இட்லிச் சட்டி வந்தது, பழையது கொல்லைக்குப் போனது, சுவிட்ச் பெட்டிக்கு நான் ஒரு பூட்டுப் போட்டேன். பாப்பா இப்போது பாலர் பள்ளிக்குப் போகிறாள். சொல்லிவிட்டுத்தான் ஆய் போகிறாள். சண்டை போடத் துணி கிடைக்காமல் நானும் மாமாவும் மிதியடிக்குச் சண்டை போடுகிறோம்.

அந்த வெள்ளைச் சட்டையின் கறை வெந்நீரிலும் போகவில்லை, பச்சைத் தண்ணீரிலும் போகவில்லை. தோளில் வெளிர் மஞ்சளாக நின்றுவிட்டது. மாமா அதைத் தூக்கிப் போடவில்லை. நல்லது கெட்டதுக்கு அதைத்தான் போட்டுக்கொண்டு போகிறார். சென்ற வாரம் ஒரு காதுகுத்து விசேஷத்தில் இன்னொரு ஜீப் டிரைவர், "என்ன அண்ணே, நீங்களே கறைச் சட்டையோட வந்திருக்கீக?" என்று கேட்டார்.

"கறை இல்லப்பா. எம் பேத்தி தூங்குன எடம்" என்றார் மாமா.

அந்தச் சட்டையை இப்போது நான்தான் துவைக்கிறேன். மெஷினில் போடாமல், கையால், அந்த இடத்தில் மட்டும் சோப்புப் படாமல் பார்த்து.