கற்றலொக் அண்ணையும் கரண்டு வாளும்

உலகத்தில் உள்ள எல்லா மெசின்களையும் அறிந்து, அவற்றில் ஒன்றைக்கூடச் சொந்தமாக வைத்திராத ஒரே மனிதர் எங்கள் உரும்பிராய்க் கற்றலொக் அண்ணைதான். சந்திக்கு அருகே சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தார். காற்றடிக்கும் பம்புதான் அவரிடம் இருந்த ஆகப் பெரிய இயந்திரம். அதுவும் அரைவாசிக் காற்றை வெளியே விட்டுவிடும். ஆனால் கடைக்குள்ளே, பழைய ரயர்களுக்குப் பின்னால், மெசின்களின் படமும் விபரமும் போட்ட கற்றலொக்குப் புத்தகங்கள் கூரை முட்ட அடுக்கியிருந்தன. ஜப்பான் தண்ணீர்ப் பம்பு, இத்தாலி உழவு மெசின், பல் வைத்தியரின் கதிரை என்று அவற்றில் இல்லாதது இல்லை.

அவை எப்படிச் சேர்ந்தன என்பது தபால் கந்தோரில் கிளாக்கராக இருந்த எனக்குத் தெரியும். தன் பெயருக்குக் கீழே 'மனேஜிங் டிரெக்டர்' என்று அச்சடித்த கடதாசியில் வெளிநாட்டுக் கொம்பனிகளுக்கு எழுதுவார். அவர்களும் நம்பி அனுப்பிவைப்பார்கள். ஒருமுறை கொழும்பிலிருந்து ஒரு கொம்பனி ஆள் கழுத்தில் ரை கட்டிக்கொண்டு டிரெக்டரைத் தேடி நேரிலேயே வந்துவிட்டார். அண்ணை அப்போது ஒரு சைக்கிளுக்குக் கீழே படுத்திருந்தார்.

"டிரெக்டர் வெளியிலை போயிட்டார். என்னட்டைச் சொல்லுங்கோ" என்று படுத்தபடியே சொல்லி, வந்தவரிடம் புதிய கற்றலொக்கையும் வாங்கிக்கொண்டு, அவருடைய கார்ச் சில்லுக்குக் காற்றும் அடித்து அனுப்பினார்.

அவரைக் கேளாமல் ஊரில் யாரும் மெசின் வாங்குவதில்லை. வல்வெட்டித்துறையிலிருந்துகூட ஒருவர் படகு எஞ்சினுக்கு யோசனை கேட்டு வந்தார். "ஆளையும் கடலையும் பாராமல் சொல்லேலாது" என்று அவரோடு புறப்பட்டுப் போன அண்ணை, கரையைத் தாண்டிக் கொஞ்சத் தூரத்திலேயே கடல் ஒத்துக்கொள்ளாமல் சத்தியெடுத்து, படகுக்குள் படுத்தபடி எஞ்சினைத் தெரிவுசெய்து கொடுத்தார். அந்த எஞ்சின் ஒருநாளும் நடுக்கடலில் நின்றதில்லை என்று கேள்வி.

இப்படிப்பட்டவரிடம் நான் போய் நின்றது ஒரு மாமரத்தால்.

என் மனைவி உடுவிலிலிருந்து கலியாணமாகி வந்தபோது ஒரு கறுத்தக்கொழும்பான் ஒட்டுமாங்கன்றையும் கொண்டுவந்தாள். அதைச் சரியாக வேலியோரத்தில் நட்ட புத்திசாலி நான்தான். பதினெட்டு வருடத்தில் அதன் பெரிய கொப்பு ஒன்று பக்கத்து வளவு அம்பலவாணரின் ஓட்டுக்கூரைக்கு மேலே போய்ப் படுத்துக்கொண்டது. எண்பத்தொன்பதாம் ஆண்டுக் கடைசியில் அவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சொன்னார்:

"தம்பி, வாற ஆவணியிலை என்ரை பிள்ளைக்குக் கலியாணம். பந்தல் உந்தக் கொப்புக்குக் கீழைதான். அதுக்குள்ளை நீர் வெட்டாட்டி, வேலியை ஒருக்கா அளப்பிச்சுப் பாப்பம், மரம் ஆற்றை பக்கம் எண்டு."

யாழ்ப்பாணத்தில் வேலியை அளப்பது என்றால் என்ன என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. அளந்தால் மரம் அவர் பக்கம் போகும், மரம் போனால் மனைவி உடுவிலுக்குப் போவாள்.

கூலிக்கு வந்த இரண்டு பேரும் மரத்தில் இருந்த முசுற்றுக் கூடுகளை எண்ணிவிட்டுத் திரும்பிப் போனார்கள். எறும்புக்குப் பயந்த ஆட்களா என்று நக்கலடித்துவிட்டு நானே ஏறினேன். ஏறியது பத்து நிமிடம். முசுறு கடிக்கக் கடிக்க மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தது இரண்டு மணித்தியாலம். கடைசியில் ஒழுங்கைச் சனமெல்லாம் பார்த்து நிற்க, ஏணி கொண்டுவந்து என்னை இறக்கியவர் அம்பலவாணர்தான்.

அந்த நேரத்தில்தான் ஜேர்மனியில் இருந்த மச்சான் "அத்தானுக்கு என்ன வேணும்?" என்று கடிதம் போட்டான். மற்றவர்களின் மச்சான்மார் மணிக்கூடும் ரேடியோவும் அனுப்பிய காலம். நான் அண்ணையின் கற்றலொக் ஒன்றில் கண்ட படத்தை நினைத்துக்கொண்டேன். நீண்ட தடி, அதன் நுனியில் மோட்டரில் ஓடும் வாள். பாவாடை சட்டை போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண் புல்லில் நின்றபடி, சிரித்துக்கொண்டு, ஒரு பெரிய கொப்பை அறுத்துக்கொண்டிருந்தாள். அவளால் முடியுமென்றால் எனக்கு என்ன?

"அண்ணை, நல்லதாப் பாத்து ஒண்டு சொல்லுங்கோ. பெற்றோலிலை ஓடுறதோ, கரண்டிலை ஓடுறதோ?"

"மரத்தை முந்தியே பாத்தாச்சு. இனி உம்மைப் பாக்கவேணும்" என்றார்.

அடுத்த நாள் வீட்டுக்கே வந்தார். என் உயரம், கை நீளம், நெஞ்சு எல்லாவற்றையும் அளந்து கொப்பியில் எழுதினார். பிறகு எங்களுடைய கொக்கத்தடியின் நுனியில் இரண்டு செங்கல்லைக் கட்டினார். மாங்காய் பிடுங்கும் தடி அது, ஒரு மாங்காயோடேயே எனக்கு ஆடும்.

"பெற்றோல் மெசின் இவ்வளவு பாரம். தலைக்கு மேலை பிடியும். நான் நூறு மட்டும் எண்ணுறன்."

பிடித்தேன். வேலிக்கு மேலால் அம்பலவாணரின் தலை தெரிந்ததால் சிரித்துக்கொண்டே பிடித்தேன். அண்ணை எண்ண எண்ணத் தடி தன்பாட்டில் யோசிக்கத் தொடங்கியது. "பதினேழு" என்று அவர் சொன்னது காதில் விழுந்தது. தடி கொடிக்கயிற்றை அறுத்துக்கொண்டு, காயப்போட்டிருந்த சேலைகளோடு கோழிக்கூட்டின் மேல் விழுந்தது.

"காவடி பழகுறீரோ தம்பி?" என்றார் அம்பலவாணர்.

பிறகு ஒரு கல்லைக் கட்டினார். அதை நாற்பது வரை பிடித்தேன். அண்ணை எதையோ எழுதிக் கொப்பியை மூடினார். சந்தியில் நாலு பேருக்கு முன்னால் தீர்ப்புச் சொன்னார்: "இவருக்குக் கரண்டிலை ஓடுறதுதான்."

எல்லாருக்கும் ஆச்சரியம். "கரண்டை நம்பி ஒண்டும் எடுக்காதையுங்கோ" என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவர் அவர்.

"பெற்றோல் மெசினை முடுக்கினால் ஹெலி வருதெண்டு சனம் பங்கருக்குள்ளை ஓடும். சத்தம் கூடாது" என்றார். நானும் ஊர் நன்மைக்காகவே விட்டுக்கொடுப்பவன் போலத் தலையாட்டினேன்.

மெசின் அடுத்த வருடம் வைகாசியில் வந்து சேர்ந்தது. மனைவி அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். அண்ணை கம்பியைப் பொருத்தி ஒருதரம் ஓட்டிக் காட்டினார். தங்கம் போல ஓடியது.

"வாரும், இப்பவே வெட்டுவம்" என்றார்.

"நல்ல நாள் பாக்காமலோ?" என்றேன் நான். பஞ்சாங்கத்தில் ஒன்பது நாள் கழித்துத்தான் நல்ல நாள் இருந்தது. நல்ல நாளைவிட எனக்கு வேறொன்றும் வேண்டியிருந்தது. ஏணியில் இறக்கப்பட்டதைப் பார்த்த அத்தனை பேரும் இதையும் பார்க்க வேண்டும்.

"கரண்டுக்குப் பஞ்சாங்கம் தெரியாது தம்பி."

நான் கேட்கவில்லை. எங்கள் ஒழுங்கை வீடுகள் முழுவதற்கும் சொல்லிவைத்தேன். எட்டாம் நாள் பின்னேரம், மறுபடி தொடங்கிய சண்டையோடு கரண்டு போனது. காலையில் வந்துவிடும் என்று நம்பினேன். காலையில் சனம்தான் வந்தது. நான் புதுச்சேட்டுடன் நின்று சுவிச்சை அமத்தினேன். பிறகும் அமத்தினேன். அந்தக் கரண்டு அதற்குப் பிறகு வருடக்கணக்கில் வரவில்லை.

"கரண்டில்லாத ஊருக்குக் கரண்டு வாள்" என்று யாரோ சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். அப்போது நான் செய்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அண்ணையைக் காட்டி, "இவர் சொல்லித்தானே எடுத்தனான்" என்றேன்.

அண்ணை என்னைப் பார்த்தார். பிறகு சனத்தைப் பார்த்து, "ஓம், என்ரை பிழைதான்" என்றார்.

பிழையான மெசின் சொன்னவர் என்ற பெயர் அவரைச் சும்மா விடவில்லை. மண்ணெண்ணெய் விளக்கு வாங்கப் போகிறவன்கூட, "கற்றலொக் அண்ணையைக் கேக்காதை" என்று பகிடி விட்டான். யோசனை கேட்டு வருகிறவர்கள் குறைந்தார்கள்.

ஆவணிக் கலியாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது அவரே வந்தார். மெசினின் தலையைக் கழற்றிவிட்டு, அந்தப் பாரமில்லாத தடியில் சாதாரணக் கைவாள் ஒன்றை இறுக்கிக் கட்டினார். கீழே நின்றே கயிறு எறிந்து கொப்பை மேல்கொப்போடு பிணைத்தார். தடியின் மேல்பக்கத்தை அவர் பிடிக்க, கீழ்ப்பக்கத்தை நான் பிடிக்க, இரண்டு பேருமாக இழுத்தோம். மரத்தூளும் முசுறும் எங்கள் தலையில் கொட்டின. இரண்டாம் நாள் மத்தியானம் கொப்பு ஓர் ஓடும் உடையாமல் இறங்கியது. அம்பலவாணர் வேலியை அளக்கவில்லை, கலியாணத்தன்று பலகாரப் பெட்டிதான் அனுப்பினார்.

பொருளாதாரத் தடையால் கடதாசிக்கும் பஞ்சம் வந்தது. ஒருநாள் என் சைக்கிள் சில்லுக்குப் போடும் இரும்புக் குண்டுகள், போல்ஸ், வாங்கப் போனேன். கற்றலொக்கில் ஒரு தாளைக் கிழிக்க அண்ணைக்கு மனம் வராது. அதனால் தன் பழைய கொப்பியில் ஒரு தாளைக் கிழித்துச் சுற்றித் தந்தார். வீட்டில் வந்து பிரித்தபோது அதில் என் பெயர் இருந்தது.

'இரண்டு கல் 17. ஒரு கல் 40. பெற்றோல் மெசின் ஆளை விழுத்தும். கரண்டு மெசின்தான் பாரம் குறைவு. கரண்டை நம்பேலாது, எண்டாலும் வேறை வழியில்லை. ஆக்களுக்குச் சத்தம் எண்டு சொல்லலாம்.'

மறுநாள் காலை நேரே கடைக்குப் போனேன். நாலைந்து பேர் நின்றார்கள். தாளை எடுத்துக்காட்டி, எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன்:

"அண்ணை பிழையா ஒண்டும் சொல்லேல்லை. எனக்குத்தான் கையிலை பெலமில்லை. பெற்றோல் மெசினை என்னாலை தூக்கேலாது. இரண்டு கல்லைப் பதினேழுக்கு மேலை பிடிக்க முடியேல்லை."

அண்ணை ஒரு ரியூப்பைத் தண்ணீருக்குள் அமத்தி ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் போகும்வரை காத்திருந்து, மெதுவாகச் சொன்னார்:

"பதினேழில்லைத் தம்பி, பன்ரண்டு. இடையிலை அஞ்சு இலக்கத்தை விட்டிட்டு எண்ணினனான். அம்பலவாணர் பாத்துக்கொண்டு நிண்டவர்."

பலர் எனக்குப் பலதும் தந்திருக்கிறார்கள். அந்த ஐந்தை வேறு யாரும் தந்திருக்க மாட்டார்கள்.