லிஃப்ட் மெக்கானிக்கின் திக்விஜயம்

வாழ்க! இருபத்திரண்டு ஆண்டுகளாக அடுக்குமாடிக் கட்டடங்களின் இருண்ட குழிகளுக்குள் மேலும் கீழுமாகப் பயணித்து, ஏறிய உயரத்தையெல்லாம் கூட்டினால் மேகமண்டலம் கடந்து நெடுந்தொலைவு சென்றிருக்க வேண்டியவனாயினும், பக்கவாட்டில் மட்டும் ஓரடியும் நகர்ந்தறியாத உத்தமன் வாழ்க! எஃகு வடங்களின் ஏந்தல், நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே சிக்கி அலறுவோரின் ஆபத்பாந்தவன், எண்ணெய்க் கறை ஏறிய பத்து விரல்களுக்கு உரியவனாகிய லிஃப்ட் மெக்கானிக் வாழ்க! கதவிடுக்கில் விரல் நசுங்காமல் காக்கும் தெய்வம் எதுவோ, அது இந்தக் கதையும் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிடாமல் காத்தருள்க!

அத்தகைய வீரன் தன் நாற்பத்தெட்டாம் வயதில் ஒரு சபதம் பூண்டான். ஏழாம் மாடி இயந்திர அறையில், ஒரு கையில் ஸ்பேனரும் மறு கையில் பாதி கடித்த வாழைப்பழமுமாக நின்று, கேட்பதற்கு ஒருவருமில்லாத அந்த அவையில், "உலகத்த ஒரு சுத்து சுத்திட்டு வந்துதான் மறுவேலை!" என்று முழங்கினான். அச்சொல் குழிக்குள் இறங்கி, கீழே தரைத்தளத்தில் லிஃப்டுக்காகக் காத்திருந்த ஒரு பெண்மணியைத் திடுக்கிட வைத்தது.

சபதம் பெரிது, படைபலம் சிறிது. முப்பது நாள் விடுப்புக் கேட்டுச் சென்றவனை மேலாளர் என்னும் கோட்டை, "பதினேழு. அதுக்கு மேல ஒரு நாள் கேட்டாலும் பதினாறு ஆயிடும்" என்ற ஒற்றை அம்பால் திருப்பியனுப்பியது. பன்னிரண்டு ஆண்டுச் சேமிப்போ, இருவர் உலகைச் சுற்றுவதற்கென்று விற்கப்படும் ஒரே ஒரு மலிவுச் சீட்டுக்குத்தான் எட்டியது. அந்தச் சீட்டு ஒரு நிபந்தனையோடு வந்தது. ஆறு ஊர்களில் இறங்கலாம். கிழக்கே புறப்பட்டால் கிழக்கே, மேற்கே புறப்பட்டால் மேற்கே, சுற்றி முடிக்கும்வரை ஓரூர்கூடப் பின்வாங்கலாகாது. போர்முனையில் புறமுதுகு காட்டாத மறவர்க்கென்றே அச்சிட்ட சீட்டு போலும்.

அவனுடன் செல்ல இருந்த இல்லத்தரசியும் எளியவள் அல்லள். பேருந்துப் பணிமனை வாயிலில், மின்விசிறி மட்டுமே அசையும் கண்ணாடிக் கூண்டில் பத்தொன்பது ஆண்டுகளாக வீற்றிருந்து, வண்டிகள் புறப்படும் நேரம் குறிக்கும் டைம்கீப்பர் அவள். அவளுடைய நீல மையின் அனுமதியின்றி ஒரு சக்கரம் உருளாது. மீசை முறுக்கிய ஓட்டுநர்களும் அவள் மணிக்கட்டைத் திருப்பிப் பார்க்கும் அந்த ஒரு பார்வைக்கு நடுங்கிக் கியரைப் போடுவர்.

முதலில் நாடுகளின் களப்பலி நடந்தது. மகளின் பழைய நோட்டுப் புத்தகத்தில் நாற்பத்தோரு நாடுகள் அணிவகுத்து நின்றன. சிவப்புப் பேனா ஏந்தி இருவரும் உணவு மேசையில் இறங்கினர். மங்கோலியா முதல் வெட்டிலேயே சாய்ந்தது. ஐஸ்லாந்து குளிர்தாங்கும் மேலங்கி இல்லாமையால் உயிர்நீத்தது. பெரு மூன்று நாள் தாக்குப்பிடித்து, நான்காம் நாள் விமானம் மாறும் இடத்தில் பதினான்கு மணி நேரம் உட்கார வேண்டும் என்னும் நஞ்சால் மாண்டது. முடிவில் ஆறு ஊர்கள் மட்டும் குருதி வழியும் தாளில் எஞ்சி நின்றன. இதுவரை தம்பதியர் ஒரே பாசறையில்தான் இருந்தனர்.

அந்த ஆறு ஊர்களுக்கும் எந்தப் பக்கமாகப் போவது என்று ஒருவரை ஒருவர் கேட்ட கணத்தில் வீடு பிளந்தது.

"கிழக்கால போனா ஒரு நாள் இனாம்!" என்று வீரன் மேசையைத் தட்டினான். "கடல் நடுவுல ஒரு கோடு இருக்காம். அதைத் தாண்டினா அதே நாள் திரும்பவும் வரும். வெள்ளிக்கிழமை ரெண்டு தடவை! மேனேஜர் குடுத்த பதினேழு, பதினெட்டு ஆயிடும். அவருக்குத் தெரியவே தெரியாது!"

டைம்கீப்பர் வெண்டைக்காயை நறுக்குவதை நிறுத்தவில்லை. "இனாமெல்லாம் இல்லைங்க. போற ஊர்லயெல்லாம் கடிகாரத்த முன்னாடி தள்ளித் தள்ளி வைப்பீங்கல்ல, அங்கங்க உங்ககிட்ட பிடுங்கின மணியைத்தான் அந்தக் கோட்டுல மொத்தமா திருப்பித் தர்றான். மேற்கால போங்க. கடிகாரத்தப் பின்னாடி வைக்கலாம். பயணம் போற நாளெல்லாம் இருபத்தேழு மணி, இருபத்தெட்டு மணி."

"அப்புறம் அந்தக் கோடு வந்ததும் ஒரு நாளே காணாமப் போயிடுமே!"

"போகட்டும். செவ்வாய்க்கிழமையா பாத்துப் போகட்டும்."

இவ்வாறு மூண்டது திசைப்பெரும்போர். கிழக்குப் படை கூடத்தில் முகாமிட்டது; மேற்குப் படை சமையலறையைக் கைப்பற்றியது; குளிர்பதனப் பெட்டி இருவருக்கும் பொதுவான எல்லையாக நின்று முனகியது. தன் வாதத்தை மெய்ப்பிக்கத் துணிந்த வீரன், கூடத்துக் குழல்விளக்கைக் கதிரவனாகவும் தன்னையே பூமிப்பந்தாகவும் பாவித்து, கையில் அலாரக் கடிகாரத்தை உயர்த்திப் பிடித்தபடி இடமிருந்து வலமா வலமிருந்து இடமா என்ற ஐயம் தீராமலே சுழலத் தொடங்கினான். ஒன்பதாம் சுற்றில் இரவும் பகலும் அவனுக்கு ஒன்றாயின. பதினோராம் சுற்றில் பூமி தன் பாதையினின்று விலகி, துணி உலர்த்தும் கம்பிச் சட்டகத்தின்மேல் மோதி, நான்கு தலையணை உறைகளோடும் ஒரு பள்ளிக்காலப் பாவாடையோடும் தரையில் வீழ்ந்தது. அலாரம் அடித்தது.

கல்லூரித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தமையால் இப்படையெடுப்பில் சேராத மகள், அறைக் கதவைத் திறந்து, வீழ்ந்த கோளை நோக்கினாள், காதிலிருந்த கருவியைக் கழற்றிச் சமாதானத் தூதுரைத்தாள்: "ரெண்டு பேரும் ரெண்டு பக்கமா போங்க. நடுவுல எங்கயாவது பாத்துக்கலாம்." கதவை மூடிக்கொண்டாள். அத்தூது இரு தரப்பாராலும் நிராகரிக்கப்பட்டது.

பதினோரு நாள் நீடித்த அப்போரில், சீட்டு விற்பனைக்குக் கெடுவாகிய சனிக்கிழமை மாலை ஆறு மணி, மதயானையென நெருங்கி வந்தது. வெள்ளிக்கிழமை நண்பகலில், இல்லத்தரசி வீட்டில் மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க வீரன் பணிமனை சென்றான். கூண்டுக்கு வெளியே ஓட்டுநர் ஒருவர் கைகூப்பி நின்றார். "ரெண்டு நிமிஷம்மா, டீ பாதி குடிச்சிருக்கேன்."

"இல்லப்பா. எடு வண்டிய."

அவர் நகர்ந்ததும் இன்னொருவர் வந்தார், அவரும் இரண்டு நிமிடம் கேட்டார், அவருக்கும் கிடைக்கவில்லை. வீரன் மூக்குக்கண்ணாடி உறையைக் கையில் பிடித்தபடி வரிசையில் நின்று ஏழு பேரைப் பார்த்தான். ஏழு பேருக்கும் இல்லை. அவளுடைய டீயும் மேசையோரம் ஆடை படர்ந்து ஆறிக் கிடந்தது. பத்தொன்பது ஆண்டுகளாக யாருக்கும் கொடுக்க இரண்டு நிமிடமில்லாத ஒருத்தி, இருபத்தெட்டு மணி நேரம் உள்ள ஒரு நாளைக் கேட்கிறாள் என்பது அவன் நெஞ்சில், வடம் அறுந்த லிஃப்டைப் போல, தடதடவென்று இறங்கியது. கண்ணாடியைக் கொடுத்தான். "என்னங்க, முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்றாள். "ஒன்னுமில்ல" என்று வந்துவிட்டான்.

அன்று மாலை, வீட்டில், ஆறு ஊர்களின் பெயரைச் சரிபார்க்க நோட்டைப் புரட்டிய இல்லத்தரசி, கடைசித் தாளில் அவன் கோணல் கையெழுத்தைக் கண்டாள். மேலே 'இனாம் நாள்' என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தது. அதன் கீழே ஒரே வரி: 'எங்கேயும் போக வேண்டாம். ரெண்டு பேரும் சும்மா உக்காந்திருக்கணும்.' அவள் அதை இரண்டு முறை படித்தாள். பிறகு நோட்டை மூடி, இருந்த இடத்தில் இருந்தவாறே வைத்தாள்.

சனிக்கிழமை மாலை ஐந்து நாற்பத்தெட்டுக்குப் பயண அலுவலகத்தின் மூன்றாம் கவுண்டரில், ஜலதோஷத்தால் மூக்குச் சிவந்திருந்த சீட்டெழுத்தாளர் என்னும் நடுவர் முன் இரு சேனாதிபதிகளும் தோளோடு தோள் நின்றனர். "எந்தப் பக்கம்?" என்றாள் அவள்.

"மேற்கு" என்றான் அவன்.

"கிழக்கு" என்றாள் இவள்.

ஒருவரை ஒருவர் நோக்கினர். முன்னிலும் கொடிதாக மூண்டது போர். தன் கோட்டையைத் தானே இடித்துப் பகைவன் கோட்டைக்குக் காவல் நிற்கும் விந்தைப் போரை எந்தக் களம் கண்டது! "உனக்கு மேற்குதானேம்மா வேணும்!" "இல்லைங்க, நல்லா யோசிச்சுட்டேன், அந்த ஒரு நாள் நமக்கு வேணும்." "அது இனாமே இல்லன்னு நீதானே சொன்ன?" "சொன்னா என்ன? இனாம்தான்!" "இல்ல, பிடுங்கித் திருப்பித் தர்றான்!" "தரட்டுமே!" பதினோரு நாள் அவன் சொன்னதை அவள் சொல்ல, அவள் சொன்னதை அவன் சொல்ல, நடுவர் மூன்று முறை தும்மினாள். மணி ஐந்து ஐம்பத்தாறு.

பின்னால் வரிசையில் நின்றிருந்த குடிமக்களின் பொறுமை கரையுடைத்தது. "எங்கயாவது போங்க சார், கால் வலிக்குது!" என்று ஒரு பெருமகன் கர்ஜித்தார். உடனே வாக்கெடுப்பு நடந்தது. மேற்குக்கு ஐந்து கைகள் உயர்ந்தன, கிழக்குக்கு இரண்டு, கைக்குழந்தையோடு நின்றவள், கை ஒழியாமையால், நடுநிலை வகித்தாள். ஐந்து ஐம்பத்தொன்பதுக்கு அச்சுப்பொறி வெற்றிமுரசு கொட்டியது. வரிசை கைதட்டியது. தோற்றவர் யார், வென்றவர் யார் என்று பிரித்தறிய முடியாத இருவரும், சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே வந்தனர்.

சீட்டு வாங்கிய பதினாறாம் நாள் எழுந்தது இரும்புப் பறவை. அதன் சன்னலோரம், ஓடும் கதிரவனைத் துரத்திப் பிடித்துத் தன் அருகிலேயே நிறுத்திவைத்த டைம்கீப்பர், முடியவே முடியாத அந்தப் பிற்பகலில் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். மூன்று முறை டீ வாங்கி, மூன்றையும் சூடாகவே குடித்தாள். வாழ்வில் முதன்முறையாகப் பக்கவாட்டில் நகரும் வீரனோ, ஒவ்வொரு குலுக்கலுக்கும் வடத்தின் இழுவையை மனத்துள் கணக்கிட்டு, பின் அவள் தோளில் சாய்ந்து உறங்கிப்போனான். இறுதியில், தேன்நிற மாலையொளியில், முதல் ஊராகிய அந்நிய மாநகரின் பளிங்குத் தளத்தில் வெற்றிப் பாதம் பதித்து, உலகையே வளைக்க வந்த இருவரும் பெட்டிகள் சுழன்றுவரும் கறுப்புப் பட்டையின் முன், பிறர் பெட்டிகள் அனைத்தும் வந்து, சென்று, பட்டையும் ஓய்ந்து நிற்கும்வரை, வாகை சூடக் காத்திருக்கும் வேந்தரைப் போல் நிமிர்ந்து நின்றனர்.

பெட்டி கிழக்கே போய்விட்டது.