அட்டவணையில் இல்லாத சிரிப்பு

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. ஆனால் கண்டுபிடித்ததைப் பிறர் கைபடாமல் காப்பாற்றத் தெரிந்தவர்கள் உலகிலேயே நாங்கள் பதினொரு பேர்தான்.

நாங்கள் என்றால் 'மூலத் தொடர் பாதுகாப்புப் பேரவை'. அடியேன் பொதுச்செயலாளர். ஆறு மாடி அலுவலகம் ஒன்றில் லிஃப்ட் ஓட்டுகிற ஒருவன், யார் எந்த மாடி சொன்னாலும் வேறு மாடியில் இறக்கிவிடுவான். கதை அவ்வளவுதான். முப்பது வருடத்துக்கு முன் இருபத்தாறு வாரம் தொலைக்காட்சியில் வந்தது. ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. பேரவையில் அதன் பெயரை உச்சரிப்பதில்லை, 'மூலம்' என்றே குறிப்பிடுவோம். விஷயம் தெரியாதவர்கள் கைவைத்தியம் சொல்வதுண்டு. பொறுத்துக்கொள்கிறோம்.

ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்கு எங்கள் பொருளாளரின் பல் மருத்துவமனையில் கூடி மூலத்தைப் பார்ப்போம். காத்திருப்போர் அறையில் பதினொரு பிளாஸ்டிக் நாற்காலி, ஈறு நோய் பற்றிய ஒரு படம், சுவரில் டிவி. அந்த அறையில் யாரும் சந்தோஷமாக வாயைத் திறந்த சரித்திரம் இல்லை என்பதால் இடம் எங்களுக்குப் பொருத்தமாகவே அமைந்தது.

எங்கள் தலைவர் எடையளவுத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்றவர். மூலம் முதன்முதலில் ஒளிபரப்பானபோது டிவிக்குப் பக்கத்தில் டேப் ரெக்கார்டரை வைத்து இருபத்தாறு வாரத்தையும் பதிவு செய்த தீர்க்கதரிசி. அதில் அவர் வீட்டார் சிரித்த சிரிப்பும் பதிவாகியிருந்தது. அதைக் கொண்டு அவர் வகுத்ததுதான் 'சிரிப்பு அட்டவணை'. ஏழாம் பகுதி, நான்காம் நிமிடம், பன்னிரண்டாம் விநாடி, சிரிப்பு, நடுத்தரம். இப்படி நாற்பது பக்கம். அட்டவணைக்கு வெளியே யாரும் சிரிப்பதில்லை. உண்மையில் கடந்த ஒன்பது வருடமாக உள்ளேயும் யாரும் சிரிப்பதில்லை. அந்தந்த இடம் வந்ததும் பேனாவால் ஒரு டிக் போட்டுக்கொள்வோம்.

இந்த நிம்மதியில்தான் மண் விழுந்தது. மூலத்தை யாரோ புதிதாக எடுத்துவிட்டார்கள். லிஃப்ட் ஓட்டுவது ஒரு பெண்ணாம். பார்த்துவிட்டுக் கண்டித்தால் பார்த்தவர்கள் எண்ணிக்கை கூடிவிடும் என்பதால் பார்க்காமலே கண்டித்தோம். கூடவே, வருங்காலச் சந்ததியைப் பக்குவப்படுத்த ஆளுக்கொரு பிள்ளையை அழைத்து வருவது என்று தீர்மானம் போட்டோம். நான் என் மகளை அழைத்துப் போனேன். அவளுக்கு ஒன்பது வயது.

தீர்மானம் கிடக்கட்டும். அந்த வயதில் நானும் என் தம்பியும் ஒரே நாற்காலியில் நெருக்கியடித்து உட்கார்ந்து மூலத்தைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். அதேபோல் ஒருநாள் மகளும் என் பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்க வேண்டும். எனக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான்.

சிரித்தாள். மூன்றாம் பகுதி ஓடிக்கொண்டிருந்தது. அட்டவணையில் ஒன்றுமே இல்லாத ஒரு விநாடியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தலைவர் படத்தை நிறுத்தினார். அந்த இடத்தில் சிரிப்பு கிடையாது என்று அவளுக்குப் பொறுமையாக விளக்கினார்.

"லிஃப்ட் பட்டன்னு நெனச்சு அவன் தன் சட்டை பட்டனை அமுக்கறான் பாருங்க தாத்தா."

முப்பது வருடமாகப் பார்க்கிறோம், எங்களுக்குத் தெரியாததா என்றார் தலைவர். எனக்குத் தெரியாது. அந்த விநாடியில் நாங்கள் எல்லோரும் குனிந்து அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

விசாரணை அடுத்த ஞாயிறு நடந்தது. தலைவரின் அக்கா சாட்சியாக வரவழைக்கப்பட்டார். முதல் ஒளிபரப்பின்போது அதே வீட்டில் இருந்தவர், டேப்பில் இருப்பதில் பாதிச் சிரிப்பு அவருடையது. மூன்றாம் பகுதியின் ஒலிநாடா ஓடியது. அட்டவணையில் 'பெருஞ்சிரிப்பு' என்று குறித்த இடம் வந்ததும் அந்த அம்மாள் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

"இது நீ நாற்காலியோட கவுந்ததுக்கு நாங்க சிரிச்சதுடா. ரெக்கார்ட் ஆகுது, யாரும் மூச்சு விடக் கூடாதுன்னு மிரட்டிக்கிட்டே விழுந்தியே, மறந்துட்டியா? நாடகத்தை எங்க பாக்க விட்ட நீ?"

பேரவை கூடிக் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தது. தாமே ஒப்புக்கொண்டபடி அக்கா மூலத்தை முழுமையாகப் பார்க்காதவர், ஆகவே சாட்சி சொல்லும் தகுதி அவருக்கு இல்லை. அட்டவணை நீடிக்கும். ஒழுங்கீனமாகச் சிரித்த சிறுமிக்கு மூன்று வாரம் தடை. ஆணையை எழுதிக் கையெழுத்துப் போட்டது பொதுச்செயலாளர், அதாவது அவளைப் பெற்றவன்.

வீட்டுக்கு வந்து பக்குவமாக விஷயத்தைச் சொன்னேன். அழுவாள் என்று பயந்தேன். அவள் கேட்டது ஒன்றுதான்.

"மூணு வாரம் கழிச்சு மறுபடியும் வரணுமாப்பா?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் பதவியில் இருப்பவன் வெளியே காட்டிக்கொள்ள முடியாது.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே மனைவியும் மகளும் சிரிக்கிற சத்தம் கேட்டது. நான் நுழைந்ததும் நின்றுவிட்டது. டிவியில் புதிய தொடர். பெருந்தன்மையோடு நானும் சோபாவில் உட்கார்ந்தேன். லிஃப்டில் ஏறிய பெரிய அதிகாரி ஒருவர் போனில் பேசிக்கொண்டே, பொறு என்பதுபோல் அந்தப் பெண்ணிடம் கையை விரித்துக் காட்டினார். ஐந்து விரல். அவள் பணிவோடு ஐந்தாம் மாடிக்குக் கொண்டுபோய் அவரை இறக்கிவிட்டாள்.

எனக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பிவிட்டது. உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டு பக்கத்தில் திரும்பினேன். மகள் டிவியைப் பார்க்கவே இல்லை. கையால் வாயைப் பொத்திக்கொண்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இதுக்குச் சிரிக்கலாமா?"

சிரிம்மா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஒன்பது வருடப் பழக்கம், "மூலத்துல இந்த இடம்..." என்றுதான் வந்தது.

மனைவி ரிமோட்டை எடுத்து அணைத்தாள். மகள் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பேரவையின் ஆண்டறிக்கையில் இதை எங்கள் மகத்தான சாதனையாகச் சேர்த்திருக்கிறேன். எங்கள் வீட்டில் புதியதை இப்போது யாரும் பார்ப்பதில்லை. மூலத்தையும் யாரும் பார்ப்பதில்லை. இரண்டுக்கும் இனி ஒரு ஆபத்தும் கிடையாது, சிரிக்க ஆளில்லை.